கேட்கும் சிங்கனும் விடை சொல்லும் சிங்கியும்

குமரி மாவட்டத்து முஸ்லிம்களின் தமிழ் எழுத்து என்றவுடன் தக்கலை பீர்முகம்மது அப்பா அவர்களின் ஞானப் பாடல்களும் தேங்காய்ப்பட்டினம் தோப்பில் முஹம்மது மீரானின் நாவல்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. முன்னதை ஆன்மிகம் என்னும் அடுக்கிலும் பின்னதைச் சமூகச் சீர்திருத்தம் என்னும் அடுக்கிலும் வைத்துப் பூட்டிவிட்டோம். தர்காவுக்குச் செல்வோர் நாவலைப் படிப்பதில்லை. நாவலை மெச்சுவோர் ஞானப் பாடல்களைத் திறந்து பார்ப்பதில்லை. இவ்விரு எழுத்துக்களையும் அருகருகே வைத்து ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுப்பிப் பார்ப்பது இங்கு நம் நோக்கம். ஈமானைப் பற்றிய உரையாடலில் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? விடை சொல்லும் தகுதி யாருக்குத் தரப்படுகிறது?

(நாஞ்சில் நாடு என்று பழையோர் வழங்கியது தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளையே. தக்கலையும் தேங்காய்ப்பட்டினமும் அவ்வெல்லைக்கு மேற்கே கிடப்பவை. ஆனால் 1956இல் தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டம் முழுவதையும் அப்பெயரால் சுட்டும் பழக்கம் இன்று வேரூன்றிவிட்டதால், அதில் நாம் பிணங்க வேண்டியதில்லை.)

பதினேழாம் நூற்றாண்டினரான பீர்முகம்மது அப்பா தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியவர். நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவருடைய ஞானப்புகழ்ச்சி ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் தக்கலையில் இரவு முழுவதும் கூடியிருந்து பாடப்படுகிறது. ஆனால் நாம் கவனத்தைத் திருப்ப விரும்புவது அவரது மற்றொரு நூலான ஞானரத்தினக் குறவஞ்சியின் மீது. சித்தர் பாடல் தொகுப்புகளிலும் இடம்பெற்றுவிட்ட சிறிய நூல் அது. குறவஞ்சி என்றால் குறி சொல்லும் குறத்தியும் தலைவியின் காதலும் நினைவுக்கு வரும். அப்பா அவர்கள் அந்த ஆரவாரங்களையெல்லாம் விலக்கிவிட்டுச் சிங்கனையும் சிங்கியையும் மட்டும் எடுத்துக்கொண்டார். ஓரடியில் சிங்கன் வினவுகிறான். அடுத்த அடியில் சிங்கி விடை தருகிறாள். ஆதியைப் பற்றி, கருவைப் பற்றி, உடலைப் பற்றி, மூச்சைப் பற்றி ஆண் கேட்கிறான், பெண் சொல்கிறாள்.

இந்த அமைப்பின் அருமையை நாம் போதுமான அளவுக்கு எண்ணிப் பார்த்ததில்லை. மார்க்க அறிவின் உச்சமெனக் கருதப்படும் மஃரிபத் இங்கு ஒரு நாடோடிப் பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. அவள் எந்த மதரசாவிலும் ஓதியவள் அல்லள். சிங்கனும் தான் கேட்பதற்காக வெட்கப்படுவதில்லை. விடை கிடைத்தவுடன் அடுத்த வினாவைத் தொடுக்கிறான். இதை வெறும் கவிதை உத்தி என்று ஒதுக்க முடியாது. உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஜிப்ரீல் ஹதீஸில் இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் ஆகிய மூன்றும் வினாவிடையாகவே கற்பிக்கப்படுகின்றன. மறுமையின் வேளையைப் பற்றி வினவப்படும்போது, கேட்பவரைவிடத் தமக்கு அதிகம் தெரியாது என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்கிறார்கள். தெரியாது என்பதும் அங்கு மார்க்கக் கல்வியின் ஒரு பகுதியாகிறது. பெண்ணின் கேள்விக்கும் முன்மாதிரி உண்டு. தம் கணவர் செய்த ளிஹார் குறித்து நபியவர்களிடம் வழக்காடிய கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களை முன்னிட்டே குர்ஆனின் 58ஆம் அத்தியாயம் அல்முஜாதலா என்று பெயர் பெற்றது.

குறவஞ்சியிலும் குறை இல்லாமலில்லை. சிங்கியின் விடைகள் பல குறியீட்டு மொழியில் இறுகிக் கிடக்கின்றன. குருவின் துணையில்லாத வாசகனுக்கு ஒரு வினாவின் இடத்தில் இரண்டு வினாக்கள் மிஞ்சுகின்றன. உரைகாரர் சிலர் இந்த இறுக்கத்தையே பெருமையாக்கி, பாடலை எளியோர் கையிலிருந்து பறித்துக்கொண்டனர். எளிய சந்தத்தில் பாடியவருக்கு அந்த எண்ணம் இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

இனி தேங்காய்ப்பட்டினத்துக்கு வருவோம். 1988இல் நூலாக வெளிவந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில், தக்கலைக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள கடற்கரை ஊரில், ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் நாம் காண்பது நேர்மாறான உலகம். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் முன் யாரும் கேள்வி கேட்பதில்லை. வெளியூரிலிருந்து வந்திறங்கும் தங்ஙளின் சொல்லையும் யாரும் ஆராய்வதில்லை. ஆங்கிலம் கற்பது ஈமானுக்குக் கேடு என்றால், ஏன் என்று கேட்க நாவெழுவதில்லை. முதலாளியின் மகள் ஆயிஷாவின் வாழ்க்கையைக் குடும்பப் பெருமை தீர்மானிக்கிறது. அவளிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் கதையே வேறாகியிருக்கும். சிங்கி இருந்த இடத்தில் இங்கே ஆயிஷாவின் மௌனம் இருக்கிறது.

இந்நாவலை மூடநம்பிக்கைக்கு எதிரான படைப்பு என்று சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மை அன்று. மீரான் காட்டும் நோய் நம்பிக்கையின் மிகுதியால் வந்ததன்று. அச்சம் ஈமானின் உடையை அணிந்துகொண்டதால் வந்தது. இஹ்ஸான் என்பது அல்லாஹ்வைக் காண்பதுபோல் வணங்குவது. நாம் அவனைக் காணாவிடினும் அவன் நம்மைக் காண்கிறான் என்ற உணர்வோடு வாழ்வது. அந்தக் கிராமத்து மக்களோ முதலாளி தங்களைக் காண்கிறார் என்ற உணர்வோடு வாழ்கிறார்கள். தொழுகை உண்டு, ஓதல் உண்டு, நேர்ச்சை உண்டு. அத்தனையும் நிறைவேறும்போதும் பார்வை பெரிய வீட்டின் முற்றத்தை நோக்கியே இருக்கிறது. மெய்யான வாழ்வு குறித்து நம் காலத்தில் எத்தனையோ சொற்பொழிவுகள் நிகழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தொடாத இடத்தை, ஒரு சொற்பொழிவும் நிகழ்த்தாமல் இந்த நாவல் தொட்டுவிடுகிறது.

இந்த அச்சத்துக்கு வெளியே நிற்பவர் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது. ஆலிம் அல்லர், கல்விமானும் அல்லர். தாம் நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்ல அவரால் இயலாது, அவ்வளவுதான். முதலாளியின் முன் குனிய மறுப்பதும் பள்ளிக்கூடத்தின் பக்கம் நிற்பதும் அந்த இயலாமையிலிருந்தே பிறக்கின்றன. மீரானின் மாந்தருள் நம் நெஞ்சில் நெடுநாள் தங்குபவர் இவரே. ஆங்கிலப் பள்ளியின் ஆசிரியரைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. அவர் சீர்திருத்தத்தின் வாயாக மட்டும் வந்து போகிறார். அவருக்கென்று ஓர் ஐயமோ கலக்கமோ நாவலில் வலுவாகப் பதிவாகவில்லை. ஐயமே இல்லாத சீர்திருத்தவாதி முதலாளியின் இன்னொரு வடிவமாகிவிடும் ஆபத்து உண்டு என்பதை மீரான் அறியாதவர் அல்லர். இங்கு ஏனோ அதைக் கடந்து சென்றுவிட்டார்.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. தங்ஙள் என்னும் போலியே ஆன்மிகத்தின் முகமாக நாவலில் நிற்கிறார். பீர்முகம்மது அப்பாவின் பாடலைக் கேட்டு வளர்ந்த மண்ணில், போலியல்லாத ஒரு ஞான மரபின் குரல் மெலிதாகவேனும் கேட்டிருக்க வேண்டாமா? மலையாள வழியில் கல்வி கற்று, மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த கடற்கரைத் தமிழை இலக்கியத்துக்குக் கொண்டுவந்த மீரானுக்கு அந்தக் குரல் எட்டாததன்று. அக்குரல் இல்லாமற் போனதால் சிலர் இந்நாவலை ஆன்மிகத்தின் மீதான தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டனர். எதிர்ப்பாளர்களோ அதே காரணம் பற்றி அதைப் படிக்காமலேயே தள்ளினர். இரு தரப்பினரும் நாவலிடம் எதையும் கேட்கவில்லை.

இவ்விடத்தில், இதே தக்கலையின் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலை நினைக்காமல் கடக்க இயலாது. 2000இல் வெளிவந்த அவரது ‘மைலாஞ்சி’ தொகுப்பில், இத்தனை நபிமார்களுள் ஒரு பெண் நபி இல்லாதது ஏன் என்று தன் வாப்பாவிடம் ஒரு பிள்ளை கேட்கும் கவிதை உண்டு. அது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. பின்னர் 2007இல், அவர் எழுதிய கட்டுரையொன்றை முன்னிட்டு அவர் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். அவருடைய கட்டுரைகளின் முடிவுகள் எல்லாவற்றோடும் நாம் உடன்படுபவர்கள் அல்லர். கவிதைகளிலும் சில இடங்களில் வாதம் கவிதையை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆயினும் கட்டுரைக்குத் தக்க மறுமொழி கட்டுரையே. ஒரு குடும்பத்தை ஊரின் உறவிலிருந்து அறுத்தெறிவது எவ்வகையிலும் மறுமொழியாகாது. இடலாக்குடியின் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்தி, பலரும் தொடுத்த வினாக்களை ஒருசேர எதிர்கொண்டு வென்றபோது இம்மாவட்டம் பூரித்தது. வினாக்களை ஏற்று நிற்பதை ஒரு கலையாகவே போற்றிய மண்ணில் ஒற்றைக் கவிதையின் ஒற்றை வினாவுக்கு இடமில்லாமற் போனது எப்படி?

அந்த வினா அப்படியொன்றும் புதியதும் அன்று. குர்துபா நகரத்துப் பேரறிஞர் இப்னு ஹஸ்ம் (994–1064) ரிஸாலத்தையும் நுபுவ்வத்தையும் வேறுபடுத்திக் காட்டி, மர்யம் (அலை), மூஸா (அலை) அவர்களின் தாயார் முதலான பெண்மணிகளுக்கு நுபுவ்வத் உண்டு என்று வாதிட்டார். 1273இல் மறைந்த குர்ஆன் விரிவுரையாளர் அல்குர்துபீ அவர்களும் மர்யம் (அலை) அவர்களைப் பொறுத்தவரை அக்கருத்தின் பக்கம் நின்றார். பெரும்பான்மை அறிஞர்கள் இதை ஏற்கவில்லை, மறுத்து எழுதினார்கள். அவ்வாறு எழுதப்பட்ட பக்கங்கள் இன்றும் நம் நூலகங்களில் கிடக்கின்றன. இந்த வாதத்தை முன்வைத்ததற்காக இப்னு ஹஸ்மை அறிஞர் வரிசையிலிருந்து நாம் அகற்றிவிடவில்லை.

ரசூல் 2017இலும் மீரான் 2019இலும் மறைந்தார்கள். மைலாஞ்சிக் கவிதையில் வாப்பாவின் விடை எழுதப்படவில்லை. பிள்ளையின் கேள்வியோடு அது நின்றுவிடுகிறது. அந்த வாப்பாவின் கைக்கெட்டும் தூரத்தில் அல்குர்துபீயின் தஃப்ஸீரோ ஞானரத்தினக் குறவஞ்சியோ இருந்திருந்தால், விளக்கை அணைக்காமல் பிள்ளையோடு அன்றிரவு நெடுநேரம் அவர் பேசிக்கொண்டிருந்திருப்பார்.