யாருடைய கொடி?

பெண் முகம் உள்ள எந்தப் படத்துக்கும் ஒட்ட நம்மிடம் ‘சோகம்’ என்றொரு வார்த்தை தயாராக இருக்கிறது. மாரி-கியோமின் பெனுவா 1800இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்த படம் அதற்கு அவ்வளவு லேசில் மசிவதில்லை.

கறுப்புப் பெண்ணொருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கட்டும் உடுப்பும் வெள்ளை. காதில் பொன் வளையம். ஒரு மார்பு திறந்திருக்கிறது. நாற்காலியில் நீலத் துணி, இடுப்பில் சிவப்பு நாடா. ஆக, பிரெஞ்சுப் புரட்சியின் மூவண்ணம். 1794இல் குடியரசு காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. எனவே இது விடுதலையின் குறியீடு, திறந்த மார்பு சுதந்திர தேவியின் உருவகம் என்று வாசிக்கிறார்கள். இருக்கலாம். ஆனா அடிமைச் சந்தையிலும் அதே மார்பு திறந்துதானே நின்றது? சலோனுக்கு வந்த கனவான்களுக்கு எந்த ஞாபகம் முந்திக்கொண்டிருக்கும்? குறி இரண்டு பக்கமும் இழுக்கிறது. 1802இல் நெப்போலியன் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் கொடி அதே மூவண்ணம்தான்.

பெனுவா, தாவீதின் மாணவி. பெண் என்பதால் கலை நிறுவனத்தின் விளிம்பில் நின்றவர். பிறந்த வீட்டுப் பெயர், கணவன் பெயர் இரண்டையும் சேர்த்துப் படத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். எதிரே உட்கார்ந்தவளுக்கு ஒன்றுகூட இல்லை. ‘ஒரு நீக்ரோப் பெண்ணின் உருவப்படம்’ என்பதுதான் தலைப்பு. ஓவியரின் கணவனுடைய சகோதரர் குவாதலூப்பிலிருந்து கூட்டிவந்த வேலைக்காரி அவள். இருவரையும் ‘பெண்’ என்று ஒரே கோட்டில் நிறுத்துகிற பெண்ணிய வாசிப்பு இங்கே இடறி விழுகிறது. 2019இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் கறுப்பு மாடல்கள் பற்றிய கண்காட்சியில் ‘மதலேனின் உருவப்படம்’ என்று தலைப்பை மாற்றியது. நல்ல காரியம். அதுவும் எஜமானர்களின் மொழியில் வந்த பெயர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, அந்த முகம்? உதடுகள் மூடியிருக்கின்றன. கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. கெஞ்சலும் இல்லை, வசியமும் இல்லை. கை துணியைப் பிடித்திருக்கிறது. அது நழுவாமல் பிடித்ததா, நழுவிய இடத்திலேயே பிடித்துக்கொள்ளச் சொன்னார்களா? உட்காரச் சொன்னதால் உட்கார்ந்திருக்கும் ஓர் உடலின் இறுக்கம் அதில் இருக்கிறது. இதுவும் அவள் பார்க்கிற வேலைகளில் ஒன்று, எப்போ முடியும்னு காத்திருக்கிறாள். சோகம் என்று சொன்னால் இந்த உழைப்பு மறைந்துபோகும்.

1818இல் பதினெட்டாம் லூயி இந்தப் படத்தை வாங்கினார். மூவண்ணத்தை அகற்றி வெள்ளைக் கொடி ஏற்றிய மன்னராட்சி அது. விமர்சகர்கள் அவ்வளவு பளிச்சென்று காணும் கொடி அந்த அரசின் கண்ணில் படவில்லையா? இல்லை, கறுப்பு உடலைச் சுற்றியிருந்ததால் அது கொடியாகவே தெரியவில்லையா?