போர்க்கால மனச்சோர்வும் அரிசியும்: தென் திருவிதாங்கூர் நோக்கு

இரண்டாம் உலகப்போர்க்கால மனச்சோர்வுக்குச் சான்றாக, 1942 ஏப்ரலில் சென்னையிலிருந்து மக்கள் வெளியேறியமை சுட்டப்படுவதுண்டு. அச்சமும் வதந்தியுமே காரணம் என்னும் முடிவுக்கு அது இட்டுச்செல்லும். ஆயின் அரசே தன் அலுவலகங்களை உள்நாட்டுக்கு மாற்றியதும் அப்போதுதான்.

அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த அருமனை போன்ற ஊர்களுக்கு இம்முடிவு இன்னும் பொருந்தாது. அங்குக் குண்டு விழவில்லை. பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசி வரத்து நின்றது. சோற்றின் இடத்தை மரச்சீனி பிடித்தது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) மெடான், பினாங்குத் தமிழரின் போர்க்காலத்தைக் காட்டுகிறது. கடல்வழி அறுந்ததால் இக்கரையில் அணைந்த அடுப்புகள் அதன் களமல்ல. அவ்விடைவெளியை ஆய்வு நிரப்ப வேண்டும். பசியின் வாட்டத்தை மனவுறுதிக் குறைவெனக் கணிப்பது, ஆட்சியின் வழங்கல் குறையை மக்களின் குணக்குறையாக்குவதாகும்.