வானொலியின் இரைச்சல்

பயானக ரசத்திற்கு அச்சமே ஸ்தாயி பாவம் என்று நாட்டிய சாஸ்திரம் வகுத்தது. அவ்வச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினின்று பிறக்கும் எனத் தொல்காப்பியர் எண்ணிவைத்தார். திகில் விளையாட்டுகளை நாடும் ரஸிகர்களுக்கு இந்தக் கணக்கு இன்றும் பெரும்பாலும் பொருந்திவருகிறது. அணங்கை விரும்புவோருக்கு 2001இல் வந்த ‘ஃபேடல் ஃபிரேம்’ உண்டு; விலங்கை விரும்புவோருக்கு 2014இன் ‘ஏலியன்: ஐசொலேஷன்’ உண்டு; ஆள்வோருக்கு அஞ்சி மூச்சடக்கி நிற்பதன் வேதனையை அறிய, 1960களின் தாய்வான் பள்ளிக்கூடமொன்றைக் களமாகக் கொண்ட ‘டிடென்ஷன்’ (2017) உண்டு. மூன்றையும் தயக்கமின்றிச் சிபாரிசு செய்வேன். ஆயினும், அந்நான்கிலும் அடங்காததாய், மனிதன் தன் மனச்சாட்சிக்கே அஞ்சும் அச்சத்தை அரங்கேற்றிய ‘சைலண்ட் ஹில் 2’ஐ (2001) அவற்றோடு ஒரே வரிசையில் வைக்க என் மனம் ஒப்புவதில்லை.

அவ்விளையாட்டைப் புகழ்வோர் பலரும் மசஹிரோ இதோ படைத்த முக்கோணத் தலை உருவத்தையே முதலிற் சொல்வார்கள். அது அற்புதமான சிருஷ்டிதான். ஆனால் என் வணக்கம் முதலில் ஒலியமைத்த அகிரா யமவோகாவுக்கே உரியது. கதாநாயகன் ஜேம்ஸின் சட்டைப்பைக்குள் கிடக்கும் சிறு வானொலி, பகை நெருங்குகையில் கரகரக்கத் தொடங்கி, நெருங்க நெருங்க ஓங்குகிறது. ஏதோ வருகிறது என்கிறதேயன்றி எத்திசையிலிருந்து என்பதைச் சொல்வதில்லை. கைவிளக்கை அணைத்தாலோ பகைக்கு நம்மைக் காண்பது அரிதாகிறது, நமக்கும் வழி தெரியாமற் போகிறது. அந்த இருட்டில், இரைச்சலை மாத்திரம் துணையாகக் கொண்டு சுவரோரம் நகரும் சில விநாடிகளில் பிறக்கும் நடுக்கத்தை, எத்தனை கோர உருவங்களைக் கண்முன் நிறுத்தினாலும் பிறப்பிக்க இயலாது.

தொடக்கத்திலே மூடுபனி சூழ்ந்த காட்டுப்பாதை வழியாக ஜேம்ஸ் ஊருக்கு இறங்கும் அந்த நெடு நடையில் ஒரு பகையும் எதிர்ப்படாததைக் குறையாகச் சொல்லும் நண்பர்கள் எனக்குண்டு. இலங்கை மலைநாட்டில் இறத்தோட்டையைக் கடந்து றிவர்ஸ்டனுக்கு ஏறி, தொலைத்தொடர்புக் கோபுரத்தை நோக்கி மூட்டத்தினுள் நடந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அங்கே கோபுரம் தெரிவதற்கு முன்பே அதன் இரும்பில் காற்று மோதும் ஓசை காதில் விழும். பின்னால் வருவது தன் காலடியா பிறர் காலடியா என்ற ஐயம் எழும். 1999இல் வந்த முதற் பாகத்தில், தூரத்துக் காட்சிகளை வரையும் வலு பிளேஸ்டேஷனுக்கு இல்லாதபடியாலேயே மூடுபனி புகுத்தப்பட்டது. இரண்டாம் பாகமோ வலுவான இயந்திரம் வாய்த்த பின்னும் அதனைக் கைவிடாது, இன்னும் அடர்த்தியாகப் போர்த்திக்கொண்டது.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லவேண்டும். வழியில் எதிர்ப்படும் ஏஞ்சலா என்பவள் விட்டுச்சென்ற கத்தியைப் பைக்குள்ளிருந்து எடுத்து உற்றுப் பார்ப்பவனையும், காயத்துக்கு மருந்திடாமலே அலைபவனையும் இவ்விளையாட்டு மௌனமாகக் கவனித்து, ஜேம்ஸ் வாழ விரும்பாதவன் என்று தீர்மானித்து, அதற்கேற்ற முடிவை நோக்கிக் கதையைத் திருப்புகிறது. நம்மிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நம் கைகளின் பழக்கத்தையே வாக்குமூலமாக ஏற்கிறது.

2024இல் புளூபர் டீம் செய்த மறுவாக்கத்தின் எழிலை நான் மறுக்கவில்லை. யமவோகாவே மீண்டும் அதற்கு இசையமைத்தார். எனினும், பார்வைக் கோணத்தைத் தோளுக்குப் பின்னே நிறுத்தியதால், நாம் காண விரும்புவதைக் காட்ட மறுத்த பழைய படக்கருவியின் பிடிவாதம் போய்விட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம், விளையாடுபவன் அலறுவதைப் பார்ப்பதே பொழுதுபோக்காகிவிட்ட பிறகு, அலறவைக்கும் திடுக்கத்துக்காகவே காட்சிகள் அமைக்கப்படுவதாகும். திடுக்கம் உடம்பின் எதிர்வினை. அச்சமோ பொறுமையின் பயன். காமன் எரிந்து ரதி புலம்பும் கட்டத்துக்காக விடிய விடியக் கண்விழித்துக் காத்திருந்த நம் தோட்டத்துக் கூத்து ரஸிகர்களுக்கு அந்தப் பொறுமை இருந்தது. அது இன்னும் உள்ளவர்கள் பழைய பதிப்பைத் தேடிப் பிடித்து, காதுக்கருவி அணிந்து, தனியே இருந்து ஆடட்டும்; கிடைக்காதவர்கள் புதியதையேனும் அவசரப்படாமல் ஆடட்டும்.