நரகம் இல்லையேல் நல்லொழுக்கம் இல்லையா?

செந்துறை வட்டாரத்துச் சிற்றூர்களிலே பகுத்தறிவு பேசப் புறப்படும் இளைஞனை முதலில் வந்து மறிக்கும் கேள்வி, கடவுள் உண்டா இல்லையா என்பது அன்று. "சரி தம்பி, கடவுள் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மேலே இருந்து பார்க்க ஒருவர் இல்லை, கீழே தள்ள நரகம் இல்லை என்றால், பக்கத்துக் கொல்லை முந்திரியை நீ ஏன் பொறுக்கமாட்டாய்?" என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் நல்லவர். உண்மையாகவே அஞ்சிக் கேட்கிறார். எள்ளி நகையாடிவிட்டு நகர்வது அவருக்கு மறுமொழி ஆகாது.

இந்தக் கேள்வி மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்ததுமன்று. புறநானூற்றின் 134ஆம் பாட்டைப் புரட்டுங்கள். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடுகிறார். இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று கணக்கிட்டு அறத்தை விற்று வாங்கும் வணிகன் அல்லன் அவன் என்கிறார். புண்ணியக் கணக்கைப் பேரேடாக்கி, ஒரு தேங்காய்க்கு ஒரு வரம் என்று வாணிபம் நடத்தும் கூட்டத்துக்கு இதைவிடச் சூடு வேறென்ன வேண்டும்? மறுமையை மறந்து கொடுத்தவனே உயர்ந்த வள்ளல் என்று போற்றும் உள்ளம் அன்றே இங்கு இருந்தது.

ஆனால், அந்தப் பாட்டைப் பாராட்டுவதோடு நின்றுவிடக் கூடாது, ஆராயவும் வேண்டும். மறுமைக்காக இல்லையென்றால் வேறு எதற்காகக் கொடுத்தான்? சான்றோர் சென்ற நெறி அது என்பதால் என்கிறார் புலவர். இங்கேதான் எனக்கு நிறைவில்லை. முன்னோர் நடந்த வழி என்பது கொடைக்கும் சான்றாகும். சேரியைத் தனியே வைத்ததற்கும் சான்றாகும். கொடுத்தவனின் பெருமை தெரிகிறது. வாங்கியவனின் பசி தெரியவில்லை. அறத்தின் வேரை அந்தப் பசியில் அல்லவா தேடியிருக்க வேண்டும்?

மணிமேகலை அந்த வேரைத் தொடுகிறது. சமயக்கணக்கர் பலரிடமும் அவள் கேட்டுச் செல்லும் காதையிலே பூதவாதி ஒருவன் வருகிறான். பூதங்களின் சேர்க்கையில் உணர்வு தோன்றுகிறது. இன்பதுன்பம் இப்பிறப்போடு சரி. மறுமை என்பது பொய் என்கிறான். அவள் நகைக்கிறாள். கண்ணால் கண்டதையே ஒப்புவாயானால், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்று மடக்குகிறாள். நல்ல அடி! காட்சி ஒன்றையே பற்றிக்கொண்டு அனுமானத்தை உதறுபவன் அறிவியலையும் சேர்த்தே உதறுகிறான். இங்கே பூதவாதிக்காக நாம் வழக்காட வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவனைத் திருடன் என்றோ தீயொழுக்கத்தான் என்றோ சாத்தனார் பழிக்கவில்லை. அவன் அறிவை மறுத்தார், ஒழுக்கத்தை ஐயுறவில்லை. அந்தப் பெருந்தன்மை இன்று மேடையேறி நாத்திகரை ஏசுவோரிடம் ஏன் இல்லை? மணிமேகலையோ, உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை ஏற்காத பௌத்த நெறியினள். வினையையும் பிறவியையும் அவள் நம்பினாள், மறைப்பானேன்? ஆனால் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் சொன்னபோது அவள் கண்முன் நின்றது பசித்த வயிறு.

நம்பிக்கையாளரே கூடப் பொறுப்பு என்று வரும்போது எந்த அளவுகோலை எடுக்கிறார்கள் என்று பார்க்கச் செந்துறைக்காரர் நெடுந்தொலைவு போக வேண்டாம். 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. 140 பேருக்கும் மேல் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி நாத்திகர் அல்லர். ஆயினும், அவரவர் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் அமர்ந்திருக்கவில்லை, பதவி விலகினார். தலைவிதி உண்மையானால் அமைச்சர் ஏன் விலக வேண்டும்? பாலத்தை ஏன் சோதிக்க வேண்டும்? மாண்டவர் முற்பிறப்பில் செய்த வினை என்று கோப்பை மூடிவிடலாமே! பாலம் மனிதன் கட்டியது, காக்க வேண்டியவனும் மனிதன் என்ற எண்ணம் இருப்பதால்தான் அங்கே ஒழுக்கத்துக்கே இடம் பிறக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1928இல் சுக்கிலநத்தத்தில் நடந்தது முதல், சுயமரியாதைத் திருமணத்துக்கு அக்கினி சாட்சியில்லை, அருந்ததி இல்லை, புரோகிதர் இல்லை. சட்டத்தின் துணையும் இல்லை. அத்தகைய மணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றமே உரைத்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட 1967ஆம் ஆண்டுத் திருத்தம் 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகே சட்டம் அவர்களைக் கணவன் மனைவி என்றது. இடைப்பட்ட நாற்பதாண்டுகள் அந்த இணையரைப் பிணைத்தது எது? கைவிட எண்ணிய கணவனுக்கு நரகமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. நாலுபேர் நடுவே, கண்ணோடு கண் பார்த்து, சமமானவள் என்று ஒருத்திக்குக் கொடுத்த சொல் ஒன்றே இருந்தது. அந்தச் சொல்லை நம்பி வாழ்ந்து, மக்களைப் பெற்று வளர்த்து, முதுமை கண்ட குடும்பங்கள் தமிழகத்தில் பல. முந்திரிக் கொல்லையைக் காட்டிக் கேட்கும் பெரியவருக்கு அவர்களைக் காட்டலாம்.

அவரிடம் காட்ட முடியாதவர்களும் நம்மிடையே உண்டு. ஐயரை அழைக்கமாட்டார், தாலி கட்டமாட்டார், மாலை மாற்றி, தலைவர் ஒருவரை வைத்து மணம் முடிப்பார். மேடைக்குப் பின்னால் மட்டும் எத்தனை பவுன் என்று பேரம் நடந்திருக்கும். மணமகள் எந்தச் சாதி என்று முன்னரே உசாவியும் இருப்பார்கள். இவர் கடவுளை விட்டார். பூசாரியின் பேராசையை வைத்துக்கொண்டார். பக்தர் இப்படிச் செய்தால் உண்டியலில் பத்து ரூபாய் போட்டு நெஞ்சைத் தேற்றிக்கொள்வார். நம் தோழருக்கு அந்த வசதி இல்லை. பரிகாரம் செய்யக் கோயிலில்லை, மன்னிக்க ஆண்டவனில்லை, அடுத்த பிறவியில் ஈடுகட்டலாம் என்ற தவணையுமில்லை. பெண்ணைப் பெற்றவர் வட்டிக்கு வாங்கிய பணத்தைச் சுமந்துகொண்டு போய், அவர் வீட்டுத் திண்ணையிலேயே எண்ணித் திருப்பிக் கொடுப்பது ஒன்றே அவருக்குள்ள வழி.