இளையோர்க்கான கிரேக்க வரலாறு: நேருவின் மடல்கள் – ஒரு மதிப்பீடு

இளையோரை முன்னிறுத்தித் தமிழுக்கு வந்த உலக வரலாற்று நூல்களுள் ஜவாஹர்லால் நேருவின் மடல்கள் குறிப்பிடத்தக்கவை. 1930 அக்டோபர் முதல் 1933 ஆகஸ்டு வரை மகள் இந்திராவுக்கு எழுதப்பெற்ற இவற்றை ஓ.வி. அளகேசன் ‘உலக சரித்திரம்’ எனத் தமிழாக்கினார். கிரேக்கம் பற்றிய தொடக்க மடல்கள் 1931 சனவரியில் நைனிச் சிறையில் எழுதப்பெற்றவை. அப்போது இந்திராவுக்கு வயது 13.

அலெக்சாந்தரை ‘மாவீரன்’ என்னும் அடைமொழியோடு அறிமுகப்படுத்துவது பாடநூல் மரபு. நேருவோ மடலின் தலைப்பிலேயே அவரைப் புகழ்பெற்ற வெற்றியாளர் என்பதோடு செருக்குமிக்க இளைஞர் என்றும் சுட்டுகிறார். தீப்சு நகரம் அழிக்கப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை. நகர அரசுகளின் குடியாட்சியைப் போற்றுமிடத்தும் அடிமைகளுக்கு அதில் உரிமையில்லை என்கிறார். புகழையும் அதன் விலையையும் ஒருங்கே காட்டும் இப்பண்பே இம்மடல்களின் வலிமை எனலாம்.

எனினும், ‘இச்செய்திகளை நாம் எவ்வாறு அறிகிறோம்?’ என்னும் வினா இவற்றில் போதிய இடம் பெறவில்லை. நூலகமற்ற சிறைச்சூழல் இதற்கு ஒரு காரணமாகலாம். வெ. சாமிநாத சர்மாவின் ‘கிரீஸ் வாழ்ந்த வரலாறு’ விரிவானதே. ஆயின் அது முதிர்ந்த வாசகரை நோக்கியது. இளையோருக்குச் சான்றுகளை எடுத்துக்காட்டும் நூலின் தேவை எஞ்சியே நிற்கிறது.

மும்பை செம்பூர்ப் பகுதியிலுள்ள திலக் நகரின் தமிழ்ச் சிறாரை எண்ணிப் பார்க்கையில் இத்தேவை தெளிவாகும். துறைமுக வழித்தட மின்தொடரில் சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையம் வரை சென்றால் அருங்காட்சியகம் தொலைவில் இல்லை. அங்கு 2023 டிசம்பரில் தொடங்கிய பண்டைச் சிற்பக் காட்சியில் இந்திய, கிரேக்கச் சிற்பங்கள் ஒருங்கே வைக்கப்பெற்றன. அவற்றைக் கண்ட சிறுவன், கிரேக்கரை முதலில் குறித்துப் பின் உரோமரையும் சுட்டிய ‘யவனர்’ என்னும் சொல் சங்க நூல்களில் உண்டு என்பதை அறிந்திருப்பானா? பொன்னொடு வந்து மிளகொடு மீளும் யவனர் கலத்தை அகநானூற்றின் 149ஆம் பாடல் காட்டுகிறது. ஆங்கிலவழி நூல்களை மட்டும் பயிலும் சிறுவனுக்கு இத்தொடர்பு எட்டாமலே போகக்கூடும். கிரேக்கம் அவனுக்கு அயலார் கதையாகவே நின்றுவிடும்.

நேருவின் வினவும் மனப்பாங்கோடு யவனர் பற்றிய தமிழ்ச் சான்றுகளும் இணைந்த இளையோர் நூல் எழுதப்பெற வேண்டும். அப்பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது.