கூளையனுக்கு என்ன பெயர்?

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யைச் சிபாரிசு செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஆடு, பனைமரம், கிணற்றுக் குளியல், கொங்கு வழக்கு, மேட்டுக்காட்டில் திரியும் சிறுவர்கள். எல்லாம் உண்மைதான். 2000இல் வெளிவந்த இந்த நாவல் அளவுக்கு ஆடு மேய்க்கும் ஒரு பகல்பொழுதை உடம்பில் ஏற்றிவிடும் எழுத்து தமிழில் குறைவு. ஆனால் இவ்வளவு மட்டும் சொல்லி ஒரு கல்லூரி மாணவன் கையில் கொடுத்தால், அவன் அதை அழகான பால்யகாலக் கதையாக வாசித்து முடித்துவிடுவான். அந்த வாசிப்பை எப்படிக் கலைப்பது, கலைக்கிற சாக்கில் நாவலைக் கொல்லாமல் இருப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் பிரச்சினை.

நான் திருப்பூர்க்காரன். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். சனிக்கிழமைகளில் பொறியியல் மாணவர்கள் ஏழெட்டுப் பேரோடு நாவல் வாசிக்கிறோம். ‘கூளமாதாரி’யை எடுத்தபோது ஒருவன் கேட்டான்: “செல்வன் அவங்கூட நல்லாத்தானுங்கண்ணா பழகறான்? அப்புறம் என்னங் பிரச்சினை?”

இதைவிட நல்ல கேள்வி அந்த நாவலைப் பற்றி இருக்க முடியாது. செல்வன் பண்ணையக்காரரின் மகன். கூளையன் அந்தப் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன். இருவரும் சேர்ந்து சுற்றுகிறார்கள், விளையாடுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சிநேகம்தான். ஆனால் ஒருவனின் அப்பன் இன்னொருவனின் அப்பனுக்கு வருசக் கூலி பேசி, மகனைப் பண்ணையத்துக்கு எடுத்திருக்கிறார். ஒரு ஆடு காணாமல்போனால் செல்வனுக்குத் திட்டு விழலாம், விழாமலும் போகலாம். கூளையனுக்கோ அது கடன் கணக்கில் ஏறும், முதுகிலும் ஏறும். இது தெரிந்த பிறகு அதே விளையாட்டுக் காட்சிகளைத் திரும்ப வாசித்தால், கூளையனின் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கண் எப்போதும் ஆட்டின் மேலேயே இருப்பது தெரியும். வரலாறு என்பது நாவலுக்கு வெளியே எழுதும் அடிக்குறிப்பு அல்ல. காட்சிக்குள்ளேயே கிடக்கும் பயத்தை அது கண்ணுக்குக் காட்டுகிறது.

பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி. குட்டையாக இருந்தால் கூளையன், வயிறு பெருத்திருந்தால் வவுறி. உடம்பில் உள்ள ஏதோ ஒன்றுதான் பெயர். வ.கீதா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது (2004) இந்தப் பெயர்களையும் அர்த்தத்தோடு மாற்றினார். அதனால் ஆங்கில வாசகருக்கு உடனே உறைப்பது நமக்கு உறைப்பதில்லை. நமக்கு அது கிராமத்துப் பட்டப்பெயர், பழகிய ஒன்று. எதிரே நிற்பவனின் பெயர் ‘செல்வன்’. தலைப்பில் உள்ள ‘மாதாரி’ கொங்கு நாட்டில் அருந்ததியரைக் குறிக்கும் சொல். ஆக, பாடம் அட்டையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. மாணவர்களிடம் நான் வைத்த முதல் வேலை இதுதான்: நாவலில் யாருக்கு நல்ல பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதற்குப் பிறகு நான் அதிகம் பேசத் தேவைப்படவில்லை.

இதற்கு அடுத்த படி சட்டமும் தேதிகளும். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17வது பிரிவு 1950இல் நடைமுறைக்கு வந்தது. அதைக் குற்றமாக்கிய சட்டம் 1955இல். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல். சட்டத்துக்குத் தேதி உண்டு. பண்ணையம் அந்தத் தேதியில் நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது. இப்படி உட்பிரிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. கவுன்சிலிங் நேரத்தில் இந்த 3 சதவீதத்தைப் பற்றி வாட்ஸப்பில் எரிச்சல்படும் மாணவர்களுக்கு நாவல் ஒரு எளிய விஷயத்தை எடுத்து வைக்கிறது. செல்வன் பள்ளிக்கூடம் போகிறான். கூளையன் பட்டிக்குப் போகிறான்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், நியாயமான ஆட்சேபம். வகுப்பில் யாரோ ஒருவர் அந்த வளவிலிருந்து வந்தவராக இருப்பார். மற்றவர்கள் கற்றுக்கொள்வதற்காக அவர் ஏன் நெளிய வேண்டும்? 2014இல் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யும் ‘பொன்னகர’மும் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டபோது எழுந்த சர்ச்சையின் மையமும் இதுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் வாழ்வை எழுதிய கதை, அவர்களையே புண்படுத்துவதாகச் சொல்லப்பட்டது. அமெரிக்காவில் 2011இல் ஒரு பதிப்பகம் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் 200க்கும் மேற்பட்ட இடங்களில் வரும் இழிசொல்லை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டு வெளியிட்டது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் சொல்லை எடுத்தால் அதைச் சொன்ன வாயும் சேர்ந்து மறைந்துபோகிறது.

என் வரையில் இதற்கு வழி, பார்வையைத் திருப்பி வைப்பதுதான். ‘உங்க அனுபவத்தைச் சொல்லுங்க’ என்று யாரையும் எழுப்பி நிற்க வைக்கக் கூடாது. கூளையன் எவ்வளவு கஷ்டப்பட்டான் என்று கேட்பதற்குப் பதிலாக, அந்தப் பண்ணையம் எப்படி நடந்தது என்று கேட்கலாம். கூலியை யார் பேசினார்கள்? எதில் அளந்தார்கள்? பழைய சோற்றை எப்படி, எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினார்கள்? இந்தக் கேள்விகளுக்கான பதில் வளவில் இல்லை, பண்ணைய வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டுப் பேரன்களும் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பெருமாள்முருகன் தொகுத்த ‘சாதியும் நானும்’ (2013) இங்கே உதவும். 32 பேர் தங்கள் வாழ்வில் சாதி எப்படி நுழைந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அதில் கொட்டாங்குச்சியில் காப்பி வாங்கிக் குடிப்பவர்கள் மட்டுமில்லை, ஊற்றும் வீட்டிலிருந்து வந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

திருப்பூரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. இந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை ‘உழைப்பு’. காட்டு வேலை செய்தவர், கட்டிங் மாஸ்டரானார், நாலு மிஷின் போட்டார், எக்ஸ்போர்ட்டர் ஆனார். ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்தக் கதையைத்தான் பிரித்துப் பார்க்கிறார். அந்த உழைப்பு பொய்யில்லை. எங்கள் தெருவிலேயே அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் விற்று முதலாக்க நிலம் இருந்தவரின் உழைப்பும், அதே நிலத்தில் ஆடு மேய்த்தவரின் உழைப்பும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. ‘கூளமாதாரி’ அந்த வெற்றிக் கதைக்கு முந்தைய அத்தியாயம். பனியன் கம்பெனி வாசலில் தொடங்கும் வரலாற்றில் அது விடுபட்டுப்போகிறது.

அதே பனியன் கம்பெனிதான் பலரைப் பண்ணையத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நெவேயும் திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் செய்த ஆய்வு இந்த இரண்டையும் காட்டுகிறது. கம்பெனி வேலைக்குப் போக முடிந்த ஊரில் தலித்துகள் நிலக்காரரின் பிடியிலிருந்து விடுபட்டார்கள். விசைத்தறி ஊரிலோ முன்பணம் வாங்கிக்கொண்டு தறியோடு கட்டுண்டார்கள். ஆடு போய்த் தறி வந்தது, கணக்கு நோட்டு மாறவில்லை. ‘அந்தக் காலத்துல’ என்று பாடத்தை முடிக்க நினைக்கும் ஆசிரியருக்கு இந்த மாவட்டம் இடம் கொடுப்பதில்லை. 2018இல் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று தடுத்தார்கள். பாடம் நடக்க வேண்டிய பள்ளிக்கூடத்திலேயே நடந்தது அது.

நாவலின் முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. கிணற்றங்கரையில் நடப்பதை வாசித்துவிட்டு எங்கள் குழுவில் இருவர் சண்டை போட்டுக்கொண்டார்கள். கூளையன் செய்தானா, நேர்ந்ததா என்று. வரலாறு தெரியாமல் வாசித்திருந்தால் அதை ஒரு விபத்து என்று தாண்டிப் போயிருப்பார்கள். வரலாறு மட்டும் தெரிந்திருந்தால் உடனே தீர்ப்பு எழுதியிருப்பார்கள். இரண்டும் இல்லாமல் ஒன்றரை மணிநேரம் சண்டை போட்டார்கள். கூளையன் அவர்களுக்கு ஒரு ஆளாகிவிட்டான் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.