ஐம்பத்தொன்பது மாடுகள்

ஒரு பெரிய மந்தையில் நோய் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? அத்தனை மாட்டையும் பிடித்துக் கட்டி ரத்தம் எடுப்பது ஆகிற காரியமில்லை. நூற்றுக்கு ஐந்து மாடுகளுக்காவது தொற்று இருந்தால், குலுக்கல் முறையில் எடுத்த 59 மாடுகளில் ஒன்றாவது சிக்கிவிடும். பரிசோதனை பிசகாதவரை, 95 சதவீதம் உறுதி. மந்தை ஆயிரமானாலும் லட்சமானாலும் இந்த எண் ஏறக்குறைய நகர்வதே இல்லை. என்ன அழகு! 1982இல் ஆஸ்திரேலியாவின் கேனனும் ரோவும் இதைக் கால்நடை மருத்துவர்களுக்கான களக் கையேடாக்கினார்கள்.

கைக்கு எட்டிய சாதுவான பசுக்களையே பிடித்தால் கணக்கு பொய்த்துவிடும். முட்ட வரும் காளைக்கும் குலுக்கலில் சீட்டு வேண்டும். மாடுகளைத் தாக்கிய வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்ற 2011ஆம் ஆண்டு அறிவிப்புக்குப் பின்னால், நாடு நாடாக இப்படிச் சேகரித்த ரத்த மாதிரிகளும் இருக்கின்றன.